துவைக்கக் கூடாத ஜீன்ஸ்

பார்சலைப் பிரித்து அந்த ஜீன்ஸைத் தரையில் நிறுத்தியபோது அது விழாமல் நின்றது. கஞ்சி போகாத துணி. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, ஆளு இல்லாமயே நிக்குது?" என்றார். என் கணவர் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத போட்டுகினு குந்தணும்னா மொதல்ல இதுங்கிட்ட பர்மிசன் கேக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். தை மாதம், காலையில் பனி இருந்தது. அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

நான் துணித் தொழில்நுட்பம் படித்தவள். கரூர்ப் பக்கம், ஆண்களுக்கான முரட்டு கான்வாஸ், டெனிம் உடைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் தர ஆய்வு வேலை. மாதத்தில் சில நாட்கள் பஸ் ஏறி அங்கே போவேன். மற்ற நாட்களில் மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை. வேலை கான்ட்ராக்ட். கணவருக்கும் கான்ட்ராக்ட், அவருக்கு மைன்ஸில், ஊரை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கத்தில். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் நிலக்கரியையும் களிமண்ணையும் வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பெயர் பட்டியலில் இருக்குமா என்று வீடே காத்திருக்கும். இந்த ஊரில் ஒரு மனிதனைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி பர்மனென்டா, கான்ட்ராக்டா என்பதுதான். பெயர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஜீன்ஸுடன் வந்ததும் அதே கேள்விக்கான பதில்தான். மேலாளர் போனில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மைன்ஸ்ல தானுங்களே? ஒரு ஆறு மாசம் போட்டுப் பழகச் சொல்லுங்க. நெசமான தொழிலாளி போட்டா துணி எங்கெங்க வெளுக்குது, எப்படி வெளுக்குதுன்னு நீங்க ரிப்போர்ட் குடுங்க. அதே மாதிரி புது ஜீன்ஸ்லயும் வெளுக்க வெச்சு விக்கலாம். இது நல்லா வந்துச்சுன்னா உங்களக் கன்ஃபர்ம் பண்ணிடலாங்க." வீட்டில் ஒருவருக்காவது பர்மனென்ட். அதை அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவர் ஜீன்ஸை மறுபடி எடுத்து, இந்த முறை மரியாதையோடு, மடித்து வைத்தார்.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மாதிரித் தறியில், குறுகிய அகலத்தில், ஓரம் பிரியாதபடி சிவப்பு நூலில் கரை கட்டி நெய்தது. வேட்டிக்குக் கரை இருப்பது போல. கால் அடியை மடித்துவிட்டால் உள்ளே அந்தச் சிவப்புக் கோடு தெரியும். வாங்குகிறவர்கள் அந்தக் கோட்டுக்காகத்தான் வாங்குகிறார்கள். கெட்டியான நெசவு, நீலச் சாயம் நூலின் மேல்தோலில் மட்டும். உரசும் இடத்தில் உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வரும். ஆகவே விதிகள்: துவைக்கக் கூடாது, நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், வேலைக்குப் போகிற நாளெல்லாம் இதையேதான் போட வேண்டும், இடையிடையே படம் எடுத்து அனுப்ப வேண்டும். இந்த நான்கையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினேன். முதல் விதியைப் படித்துக் காட்டச் சொன்ன அத்தையின் முகம் மாறியது.

மைன்ஸ் துணி வீட்டுக்குள் வராது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் பொது. ஷிப்ட் முடிந்து வருகிறவர் வாசல் குழாயடியிலேயே உடை மாற்றுவார். துணி அப்படியே வாளித் தண்ணீரில் போகும். தண்ணீர் பழுப்பாகிக் கறுப்பாகும். மூன்றாம் தண்ணீரில்தான் சோப்பு. எந்த வீட்டு வாளி எந்த நேரத்தில் நிறைகிறது என்பதை வைத்தே எந்த ஷிப்ட் என்று தெருவில் சொல்லிவிடுவார்கள். எங்கள் வாளியில் சட்டை மட்டும் ஊறியது. ஜீன்ஸ் படிக்கட்டுக் கம்பியில் தொங்கியது.

கீழ்வீட்டு அக்கா முதல் வாரமே கேட்டார்: "ஏம்மா, சோப்பு தீந்துபோச்சா? வேணும்னா எங்கூட்ல ஒரு கட்டி வாங்கிக்க."

"இல்லக்கா, இது டெஸ்ட்."

"புருசன் பேண்ட்ட தொவைக்காம வுடறதுக்கு ஒரு டெஸ்ட்டா? என்னியும் அந்தப் படிப்புல சேத்து வுடேன்."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "வர்றவங்க போறவங்க எம் புள்ளையப் பாத்து இன்னா நெனப்பாங்க" என்று மாசி முழுக்கச் சொன்னார். பங்குனியில் சொல்வதை நிறுத்திவிட்டு, கம்பிக்கு முன்னால் ஒரு பழைய புடவையைக் கட்டித் திரை போட்டார்.

இதற்கிடையில், மாசி நடுவிலேயே கணவருக்குத் தொடை உள்பக்கம் வேர்க்குரு வந்தது. பிறகு அது புண்ணானது. கேட்டால், "பெல்ட்டுகிட்ட சூடு, அப்பிடித்தான்" என்பார். பவுடர் வாங்கிக் கொடுத்தேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன். "முடியலன்னா வுட்டுடலாங்க" என்று ஒருமுறை சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஆறு மாசம்தான. ஒனக்கு கன்ஃபர்ம் ஆவட்டும்" என்றார். பங்குனி நடுவில் புண் ஆறிவிட்டது. கத்தரி வெயில் தொடங்கியபோது தோல் வெறும் தழும்பாகக் கறுத்துப் போயிருந்தது. எனக்கு நிம்மதி. "துணி இளகி உடலுக்குப் பழகிவிட்டது" என்று குறிப்பில் எழுதினேன். படங்களில் முழங்கால் தூசி மூடிக் கிடந்தது, தொடை மடிப்பில் வெளுப்பு நன்றாக விழத் தொடங்கியிருந்தது. மேலாளர் ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

ஆடி பிறந்ததும் ஜீன்ஸ் என் மேசைக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, அளவுகோல், லென்ஸ், குறியிடும் சாக்கட்டியோடு உட்கார்ந்தேன். என் பழக்கம், துணியைப் பார்ப்பதற்கு முன் எதிர்பார்ப்பதை எழுதிக்கொள்வது. மண்வெட்டிக்காரர், பெல்ட்டுக்கு அடியில் குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்கிறவர். ஆகவே முழங்கால் இரண்டும் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். மண்வெட்டிப் பிடி சாயும் வலது தொடையில் ஒரு நீளக் கோடு இருக்கும். கால் அடி மடிப்பு நைந்து, அதற்குள் களிமண் ஏறி இறுகியிருக்கும்.

தூசிக்கு அடியில் முழங்கால் நீலமாக இருந்தது.

நீளக் கோடு இல்லை. தொடை மடியும் இடத்தில் விசிறி போல வெளுத்த கோடுகள், அழகாக, ஆழமாக. முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு போல் மடிப்புகள். உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. வலது பையில் ஒரு போனின் செவ்வகம் அச்சாக விழுந்திருந்தது. என் கணவர் போனைச் சட்டைப் பையில்தான் வைப்பார். கால் அடி மடிப்பைப் பிரித்தேன். சிவப்புக் கரை புதிதாக இருந்தது, களிமண் பொட்டுகூட இல்லை. முன்பக்கத்தில் நிலக்கரித் தூசி இருந்தது. லென்ஸில் பார்த்தால் அது நெசவுக்குள் இறங்காமல் மேலே கிடந்தது, யாரோ கையால் பூசியது போல.

இந்த ஜீன்ஸை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் போட்டிருக்கிறார்.

கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். குழாயடியில் முகம் கழுவி, லுங்கி மாற்றி, மாடி ஏறி வந்தவர் மேசையையும் என்னையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"யார் போட்டாங்க?" என்று கேட்டேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கன்ட்ரோல் ரூம் அண்ணன்" என்றார்.

பெல்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அறை அது. ஏசி ஓடும். அந்த அண்ணன் எனக்கும் தெரிந்தவர், அவருக்கும் இவருக்கும் ஒரே இடுப்பு அளவு. பர்மனென்ட்.

"எப்பலேர்ந்து?"

"மாசி கடைசிலேர்ந்து. போறப்ப நான் போட்டுகினு போவேன், ரெஸ்ட் ஷெட்ல அவருகிட்ட குடுத்துட்டு என் பழைய பேண்ட்ட போட்டுக்குவேன். வர்றப்ப மறுபடி மாத்திக்குவோம். தூசி அடங்க அடிக்கற தண்ணி ஸ்ப்ரே பட்டா அது கல்லு மாரி ஆவுதும்மா. நனைஞ்சத இழுத்துகினு மண்டி போட்டா தோலு வழண்டுகினு வருது." உட்கார்ந்தார். "அவருக்கு ஏசி குளுரு. 'தம்பி, நல்லா கதகதன்னு கீதுடா'ன்னாரு. நாலு பேரு சிரிச்சானுங்க. 'பர்மனென்ட் ஆளுக்கு கான்ட்ராக்ட் ஆளு பேண்ட்டு குடுக்கறான் பாரு'ன்னு."

"தூசி?"

"மொதல்ல ஏறுன களிமண்ண அண்ணன் தட்டி வுட்டுட்டாரு. இது நான் பூசனது. ஒரு கையி அள்ளி, ரெண்டு தட்டு." அவரே லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கோவமா?"

கோபம் இல்லை. களைப்பாக இருந்தது. புண் ஆறிய காரணத்தைத் துணியின் குணமாக எழுதிய என் வாக்கியம் லேப்டாப் திரையில் அப்படியே இருந்தது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றார். "நிறுத்தினா ஒனக்கு போயிடும்."

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூடான, ஈரமான இடத்தில் குனிந்து உழைக்கிறவர் இந்தத் துணியைச் சில வாரங்களுக்கு மேல் போட முடியவில்லை, தெரியும் வெளுப்பு முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருடையது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்த வரியையும் படித்துக் காட்டினேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"ஏனுங்க, நம்ம கஸ்டமரும் சேர்ல உக்காந்துதானுங்களே வேல செய்யறாங்க? மடிப்பெல்லாம் சூப்பரா வந்திருக்குதுங்க. அந்தப் போன் அச்சு கூட அருமை. அந்த வரிய மட்டும் எடுத்துட்டு, 'சுரங்கத் தொழிலாளி ஆறு மாதம் அணிந்தது'ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஜீன்ஸ்ல தொங்க விடற அட்டைல அதத்தானுங்க அச்சடிக்கப் போறோம்."

"அவர் அணியலைங்க சார்."

"மைன்ஸுக்குள்ள தானுங்களே இருந்துச்சு ஜீன்ஸு?"

இருந்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாத வாக்கியம் அது. அந்தக் கையெழுத்தில்தான் என் கன்ஃபர்ம் இருந்தது. அன்று பகல் முழுவதும் அந்த வரியை எடுத்தும் சேர்த்தும் பார்த்தேன். அத்தை மாடிக்கு வந்து, மேசையில் கிடந்த ஜீன்ஸை விரலால் நிமிண்டி, "இன்னமுமா இது முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனார். தழும்பு அட்டையில் வரப் போவதில்லை. 'சுரங்கத் தொழிலாளி' என்ற பெயர் மட்டும் வரப் போகிறது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த அளவில் ஒரு ஆய்வு அறிக்கைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு, துணிக்கு என்ன நடந்ததோ அதைச் சொல்வது. வரியைச் சேர்த்தே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பதில் இரண்டு நாள் வரவில்லை. பிறகு மேலாளர் பேசினார். திட்டவில்லை. "இத வெச்சு நான் மேல என்னங்க காட்டறது?" என்று வருத்தமாகவே கேட்டார். வேறு ஊரில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கன்ஃபர்ம் பற்றி அடுத்த வருடம் பேசலாம், இப்போதைக்குக் கான்ட்ராக்டை நீட்டித்துக் கொள்ளலாம். கான்வாஸில் ஒரு கோட்டு வருகிறது, அதையாவது உங்கள் வீட்டுக்காரர் போடுவாரா என்றார். மாட்டார் என்றேன். கேட்டுச் சொல்லுங்களேன் என்றார். கேட்க வேண்டாங்க சார் என்றேன்.

கணவர் வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னேன். அவர் கை தட்டில் நின்றது.

"அந்த அண்ணனுக்கு ஃபோன் பண்ணவா? கோட்டுன்னா இன்னும் சந்தோசமா போட்டுக்குவாரு."

"வேணாங்க."

"அப்ப ரெண்டு பேருமே கான்ட்ராக்ட்டுதான்."

"ஆமா."

அவர் தலையாட்டினார். பிசைந்த சோற்றின் நடுவில் விரலால் குழி பறித்து, தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ரசம் ஊத்து" என்றார்.