இரண்டு பேருக்கு மட்டும் ஆடத் தெரிந்த கட்டு

ஐப்பசி மழைக்கு முன்னால் பரணுக்கு மேலே ஒழுகுகிற இடத்தைப் பூசிவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தோம். அதற்காகப் பரணைக் காலி செய்த அன்றுதான் அந்த பிஸ்கட் டின் கீழே இறங்கியது. உடைந்த மின்விசிறி, ஓட்டைப் பித்தளைத் தவலை, கால் போன ஸ்டூல் எல்லாவற்றையும் என் கணவர் மேலேயிருந்து சர்வசாதாரணமாக நீட்டினார், நான் வாங்கி வாசலில் போட்டேன். டின்னை மட்டும் நீட்டவில்லை. ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை மார்போடு அணைத்தபடி இறங்கினார். எங்கள் பெண் பிறந்தபோது மருத்துவமனையில் அவளைக்கூட இவ்வளவு பத்திரமாக அவர் தூக்கி நான் பார்த்ததில்லை.

உள்ளே விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகள். பாதி கிரிக்கெட், பாதி கால்பந்து. ரப்பர் பேண்டு இற்றுப்போய் அட்டைகளோடு ஒட்டிக்கிடந்தது. பழைய பேப்பர்காரர் வருகிற நாள்தானே, போட்டுவிடலாம் என்றேன். அவர் உடனே, பாதி தன்னுடையது இல்லை, அதனால் தானாக எதுவும் முடிவு செய்ய முடியாது என்றார். யாருடைய பாதி என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டைக் காரைக்காலில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் இவரும் ஒரே வயது, ஒரே தெரு. அவள் அப்பா லீவில் வரும்போதெல்லாம் பிரான்சிலிருந்து கால்பந்து கார்டுகள் கொண்டுவருவார். இவர் பபுள்கம் வாங்கி வாங்கி, அதோடு வரும் கிரிக்கெட் கார்டைச் சேர்த்தார். ஒன்பதாவது படிக்கும்போது அவள் அம்மாவோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். கட்டு இவரிடம் நின்றுவிட்டது. அவள் இந்த வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்கு வருகிறாளாம். அவளிடமே கேட்டு முடிவு செய்யலாமாம்.

கிரிக்கெட்டையும் கால்பந்தையும் ஒரே கட்டில் வைத்து என்னதான் ஆடுவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மனிதர் தரையில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கு ஒரு கார்டு போட வேண்டும். அதில் எழுதியிருக்கிறவற்றில் ஒன்றை ஒருவர் கேட்க வேண்டும், அந்த எண் யாருக்குப் பெரியதோ அவருக்கு இரண்டு கார்டும். ஆனால் கால்பந்துக்காரன் ரன் எடுக்க மாட்டான், கிரிக்கெட்காரன் கோல் போட மாட்டான். அதனால் இரண்டு பேரும் சட்டம் போட்டிருக்கிறார்கள். கோலுக்கு எதிரே விக்கெட். எடைக்கு எதிரே ஒரு ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ரன். எடை என்று சொல்லக் கூடாது, கார்டில் பிரெஞ்சில் உள்ளபடி 'புவா' என்றுதான் சொல்ல வேண்டும். சமமாக வந்தால் கால்பந்துப் பக்கத்துக்கு. கால்பந்துப் பக்கம் எப்போதும் யார் என்று சொல்லவா வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கார்டுகளைத் தட்டி அடுக்கியபடி, "இந்தக் கட்டை உலகத்துலயே ரெண்டு பேராலதான் ஆட முடியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குப் பொறாமை என்று சொல்வதில் கூச்சம் ஒன்றும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று என்ன இருக்கிறது என்று அன்றைக்குப் பகல் முழுக்க யோசித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். அவருடைய சர்க்கரை அளவு ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் குரும்பகரத்தில் இருந்தபோது நான் பூத்தையல் போட்ட தலையணை உறைகளைக் கொண்டுவந்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்து அவர் வண்டி துடைத்தார். மயில் போட்டது. அதை அவர் பரணில் ஏற்றவில்லை, வண்டி சீட்டுக்கு அடியில் திணித்து வைத்தார். கேட்டதற்கு, நல்லா தண்ணி இழுக்குது என்று பதில்.

அவள் வருவதற்கு முதல் நாள் தலைக்கு மை அடித்துக்கொண்டார். அக்கா மகன் கல்யாணத்துக்கு நான் கெஞ்சியபோது, வயசை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தத்துவம் பேசியவர். நானும் விடவில்லை. மண்டபத்தூரிலிருந்து கூடையில் கொண்டுவரும் மீன்கார அம்மாவிடம் சொல்லிவைத்து பெரிய இறாலாக வாங்கினேன். பட்டுச்சேலை கட்டினால் வீம்பு தெரிந்துவிடும் என்று நல்ல பருத்திச் சேலை ஒன்றை இஸ்திரி போட்டுக் கட்டினேன். ஒரு முடிவும் செய்துவைத்திருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் டின்னை நானே அவள் கையில் கொடுத்து, இது உங்களோடது, எடுத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட வேண்டும். கட்டும் போகட்டும், அந்தக் கதையும் அதோடு ஒழியட்டும்.

வந்தாள். நான் பயந்த அளவுக்கு இல்லை, அல்லது இருந்தாள், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் வலி என்று நாற்காலியைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். ஆனால் வாசலிலேயே, "என்னடா, எலும்பும் தோலுமா இருந்தவன் இப்புடி ஆயிட்ட" என்று அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். நான் 'ஏங்க' என்று கூப்பிட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அவள் போகிற போக்கில் ஒரு 'டா' போடுகிறாள். அதற்கு இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அவளும் குறை சொல்லவில்லை. இறால் தொக்கை வழித்துச் சாப்பிட்டாள், என் குழம்புப் பொடிக்கு என்னென்ன போட்டு அரைக்கிறேன் என்று அக்கறையாகக் கேட்டாள். பிடிக்காதவளாக இருந்து தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்ததும், நான் எழுந்திருப்பதற்குள் அவரே டின்னைக் கொண்டுவந்து அவள் எதிரே வைத்துவிட்டார். மூடியைத் திறந்து, கால்பந்துக் கட்டைத் தனியாக எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். முதல் நாளே அவற்றைப் பஞ்சால் துடைத்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் மேலே இருந்த ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இவர் எதிரே ஒரு கிரிக்கெட் கார்டை வைத்துக்கொண்டு, "புவா?" என்றார். வார்த்தை தெரிந்தவள்தான், ஆட்டம் நினைவுக்கு வரவில்லை. புவாவா, எதுக்குப் புவா என்று என்னைப் பார்த்தாள். எடைக்கு எதிரே ரன் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். என் நேரம்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யோ, இதையாடா இன்னும் வச்சிருக்க? நான் பபுள்கம்முக்காகத்தானே ஒங்கூட சேந்தேன். அட்டைய நீ வச்சுக்குவ, கம்ம நான் தின்னுருவேன்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போயேன் என்று இவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். ஏற்கெனவே பெட்டி கனம் கூடிவிட்டது, கருவாடு வேறு இருக்கிறது என்று அவள் கையை விரித்துவிட்டாள். ஆனால் நான் கொடுத்த குழம்புப் பொடிப் பொட்டலத்தை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஜெயித்தது நான். என் பொடி பிரான்சுக்குப் போகிறது, அவர் கட்டு போகவில்லை. குதித்திருக்க வேண்டும். அவளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர் டின்னை மூடப் பார்த்தார். மூடி பொருந்தவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார். நாளைக்குப் பேப்பர்காரர் வந்தால் போட்டுவிடு என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் மீது ஆத்திரமாக வந்தது, எடுத்துக்கொண்டு போனால்தான் என்ன குறைந்துவிடுவாள் என்று. அடுத்த நிமிஷமே வேறொன்று வந்து குத்தியது. இந்த முகம் எனக்காக ஒரு நாளும் இப்படி வாடியதில்லை. பொறாமைக்குச் சாப்பாடு போடாவிட்டாலும் வளரும் போலிருக்கிறது.

மறுநாள் பேப்பர்காரர் வந்தார். பேப்பரை மட்டும் போட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை, அவர் கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். டின்னை எடுத்துவந்து அவர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கட்டை நானே பிரித்தேன். கால்பந்தை அவரிடம் தள்ளிவிட்டு கிரிக்கெட்டை நான் வைத்துக்கொண்டேன். அவள் ஆடிய பக்கத்தை வைத்துக்கொண்டு ஆட எனக்குத் தலையெழுத்தா?

"ஒனக்குத்தான் கிரிக்கெட்டே புடிக்காதே" என்றார்.

இப்போதும் பிடிக்காது, போடுங்கள் என்றேன்.

முதலில் அவர் மனசில்லாமல்தான் போட்டார். கோல் கேட்டார், என் பந்துவீச்சாளர் எடுத்த விக்கெட்டைக் காட்டினேன், இரண்டு கார்டும் எனக்கு வந்தன. நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் விசிறி கீழே கிடந்தது. பிறகு நான் 'புவா' கேட்டேன். அவர் போட்ட ஆளின் எடை எழுபத்தெட்டு கிலோ. என் ஆள் எடுத்த அதிகபட்ச ரன்னும் எழுபத்தெட்டு.

சமம் என்றால் கால்பந்துப் பக்கத்துக்கு. அவர் சட்டப்படி இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவங்களுக்காகத்தான அந்தச் சட்டம் போட்டீங்க? அவங்களுக்கு விட்டுக்கொடுத்தீங்க. எனக்கு விடக் கூடாதா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

அவர் கார்டுகளை அடுக்கியபடி, யோசிக்கக்கூட இல்லாமல் சொன்னார். "அவ தோத்தா ஆட்டத்த கலைச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. அதுக்குத்தான் அந்தச் சட்டம். நீ எந்திரிச்சுப் போமாட்டல்ல."

அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, டின்னைத் தூக்கி அவர் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. எழுந்து போய்த்தான் காட்டுவோமே என்று ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கார்டைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, நான் போடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஊன்றிய கையை எடுத்து என் கார்டைப் போட்டேன்.