பொலிவியாவுக்குப் போகாத ஸில்மியா

ஸில்மியாவின் பொரிக்கும் தாச்சி கல்முனைக் கரை முழுவதற்கும் இன்டர்நெட் வார்த்தது என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதல். கொஞ்சமில்லை, வெட்கமில்லாத அளவுக்குக் கூடுதல். வார்த்தது மருதமுனைக் கடற்கரையில் ஒரேயொரு தறிக்கொட்டிலுக்குத்தான். ஆனால் அந்தக் கொட்டிலுக்காக அவள் ஊரோடு மல்லுக்கு நின்றாள்.

அது உம்மா சீதனமாகக் கொடுத்த வளவு. வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. கரையில் இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. ஸில்மியா பழைய அத்திவாரத்தின் மேலேயே தறியை நிறுத்தி, பக்கத்தில் இரண்டு அறையும் எழுப்பினாள். தடை வலயம் என்று தொலைபேசிக் கம்பி மட்டும் வரவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அவள் நெய்யும் சாரத்தை வாங்கும் கொழும்புக் கடைக்காரர் புதுப் பழக்கம் ஒன்று கொண்டுவந்தார். சாரத்தின் நிறத்தை, பாவு நூல் தறியில் ஏறும்போதே கணினிக் கேமராவில் பார்த்துத்தான் ஒப்புவாராம்.

"சுனாமி வீட்டுத் திட்டத்துக்குப் போவம். அங்க லைன் இரிக்கி," என்றார் புருஷன் ஸைனுலாப்தீன்.

"தறி?"

"மாடிக்குள்ள தறி ஏறுமா? சம்மாந்துறையான் தறிய விலைக்குக் கேட்டவன். வெள்ளிக்கிழம வாறான்."

"அதுக்குள்ள லைன் இஞ்ச வரும். வரல்லண்டா வித்திருங்க."

பிரதான வீதியில் கணினிக் கடை வைத்திருந்த தம்பி றமீஸ், லினக்ஸ் போட்ட பழைய கணினியையும் விரல் நீள வைபை அடப்டரையும் கொண்டுவந்தான். கடைக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. கடையின் வைபை சமிக்ஞைதான் வந்து வந்து செத்தது.

"நாடு இலங்கையெண்டு லினக்ஸுக்குத் தெரியும் ராத்தா. அதான் அடப்டர்ட சக்திய இருபது டிபிஎம்முல நிப்பாட்டுது, நூறு மில்லிவாட். பொலிவியாவெண்டு ஒரு வரி அடிச்சா முப்பது. பத்து மடங்கு."

"அது எங்க இரிக்கி?"

"தென்னமெரிக்காவுல. கடலே இல்லாத நாடு."

ஸில்மியா அவன் கையிலிருந்து விசைப்பலகையை இழுத்தெடுத்தாள். "கடல் அடிச்சும் நான் இஞ்சரிந்து எழும்பல்ல, அரசாங்கம் சொல்லியும் எழும்பல்ல. இப்ப என்ட மெஷின் கடலில்லாத ஊருல இரிக்கனெண்டு பொய் சொல்லணுமா?"

"கட்டக்கூடாத இடத்துல கட்டின ஆளுக்கு வானலைச் சட்டத்துக்கு மட்டும் பயமா?"

"பயமில்லடா. வளவு என்ட. காத்து எல்லாருக்கும். அதோட, நான் கத்தினா உனக்குக் கேக்கும். நீ கதைக்கிறது எனக்குக் கேக்க என்ட காதுதானே பெருக்கணும்?"

அவள் குசினிக்குப் போய்த் தாச்சியைக் கழுவி எடுத்துவந்தாள். நூல் சுற்றும் தார்க்குச்சியில் அடப்டரைக் கட்டி, தாச்சியின் நடுவில் முன்னும் பின்னும் அசைத்தாள். ஓரிடத்தில் திரையின் கோடுகள் ஒவ்வொன்றாய் எழும்பின. இன்னொரு தாச்சி கடைக் கூரைக்கு ஏறியது. வியாழன் பின்னேரம் கொழும்புக்காரர் திரையில் தோன்றி, நீலத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

ஸைனுலாப்தீன் தறிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். "சம்மாந்துறையான வரவேணாமெண்டு சொல்லிர்றன்."

"பாத்தீங்களா, இலங்கையில இருந்துக்கிட்டே, எல்லைய ஒரு சொட்டும் தாண்டாம," என்றாள் ஸில்மியா.

"தாண்டித்தான் இரிக்கீங்க ராத்தா," என்றான் றமீஸ். "தாச்சி குவிக்கிற பக்கத்துக்குச் சக்தியும் கூடப் போகுது. சட்டம் அதையும் சேத்துத்தான் அளக்கும், அடப்டர்ட நம்பர மட்டுமில்ல. இருபதப் பத்தாக் குறைங்க. காது பெருத்திட்டுத்தானே, கேக்கும்."