ஐந்து கைலியும் ஒரு கில்ட்டும்

நான் கைலி கட்டும் லட்சணத்தை ஸ்காட்லாந்தில் ஓர் ஊரே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. சொந்த ஊரான ரங்கூனில்கூட இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் குடியிருக்கிறார். ஆங்கிலம் சொல்லித் தருகிறவர் என்பதால் தெருவே அவரை ‘சயா’ என்கிறது. பர்மிய மொழியில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை ‘அக்கோ’ என்பார், அண்ணன் என்று அர்த்தம். எங்கள் பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். நான் ரங்கூன் லத்தா பேட்டையில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிறேன். கரண்ட் போகப் போக வியாபாரம் ஓடுகிற தொழில். ஊரே மின்சார இலாகாவைத் திட்டும்போது நானும் சேர்ந்து திட்டுவேன், கொஞ்சம் சன்னமாக.

நவம்பரில் ஒருநாள் சயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். மாதக் கடைசியில் புனித அந்திரேயா திருநாள். அது அவர்களுக்கு நாட்டுத் திருநாள் மாதிரி. அன்றைக்கு அவர் ஊர் நகர மன்றத்தில் விழா நடக்கும். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் அதைக் கொண்டாடுகிறவர்களை வீடியோவில் நேரலையாகக் காட்டி மேடையில் பாராட்டுவார்கள். நன்றாகச் செய்கிற ஊருக்குப் பாராட்டுப் பத்திரம் உண்டு. சயா ரங்கூன் பெயரையும் கொடுத்துவிட்டிருந்தார்.

“இங்கே எத்தனை ஸ்காட்லாந்துக்காரர் இருக்கீங்க?” என்றேன்.

“நான்.”

“மத்தவங்க?”

“எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க.”

பத்திரம் கிடைக்காவிட்டால் போகிறது, அவருடைய கவலை அம்மாவைப் பற்றியது. பர்மாவின் கலவரச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து, திரும்பி வந்துவிடு என்று அந்த அம்மாள் நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மா விழாவில் முன் வரிசையில் உட்காருவார். திரையில் மகன் தனியாளாய் நின்றால் அடுத்த விமானத்தில் கிளம்பிவிட வேண்டும். நாலு பேர் கூட இருந்தால் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

“எனக்குப் போக மனசில்லை, அக்கோ,” என்றார் சயா.

“இதுக்கா இவ்வளவு? நான் ஸ்காட்லாந்துக்காரனா நிக்கிறேன்,” என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி தமிழில் கேட்டாள். “அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?”

ஸ்காட்லாந்துக்காரனாக நிற்கத் தேவையில்லை, கூட நின்றால் போதும் என்றார் சயா. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். ஆனாலும் உடையாவது அவர்களுடையதாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கில்ட் என்றால் என்ன, முழங்காலோடு நின்றுபோன கட்டம் போட்ட கைலி. வடக்கே மலையில் இருக்கும் கச்சின்காரர்கள் கட்டுகிற பச்சையும் கருநீலமும் கலந்த கட்டக் கைலி சந்தையில் கிடைக்கிறது. அதை விரித்துக் காட்டியதும் சயா, “இது எங்க சித்தப்பா வீட்டுக் கட்டம் மாதிரியே இருக்கே,” என்று கையால் தடவிப் பார்த்தார். அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் கில்ட்டில் தனிக் கட்டம் உண்டாம்.

ஆள் பிடிப்பது சுலபமாக இருந்தது. சாப்பாடு உண்டு என்றதும் என் மச்சான் வந்தான். அடுத்த வீட்டுக் கிறிஸ்தவ நண்பர், “அந்திரேயாவா? நம்ம பேதுருவோட கூடப்பிறந்தவர்தானே,” என்று ஏதோ பங்காளி வீட்டு விசேஷம் போல ஒத்துக்கொண்டார். டீக்கடையிலிருந்து பர்மிய நண்பர்கள் இரண்டு பேர். என்னோடு ஐந்து. புதுக் கைலியை வெட்டக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். முழங்கால் வரை மடித்து, பின்பக்கம் கொசுவம் வைத்து ஊக்குக் குத்தி, மேலே பெல்ட் போட்டுவிட்டாள். எனக்கு மட்டும் பெல்ட் எட்டவில்லை. பேட்டரி கட்டுகிற நாடாவால் இறுக்கினாள்.

ஒரு ஆபத்து எனக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நின்று பேசும்போது கை தானாக இடுப்புக்குப் போகும். முடிச்சை அவிழ்த்து, துணியை இரண்டு பக்கமும் விரித்து ஒரு உதறு உதறி, மறுபடி கட்டிக்கொள்வோம். நடுரோட்டில் செய்வோம், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்வோம். செய்தது நமக்கே தெரியாது. அதனால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

“நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஒருத்தரும் இடுப்புல கை வைக்கக் கூடாது. இது அந்த நாட்டு மானப் பிரச்சினை.”

“முதல்ல உன் கையைக் கட்டு,” என்றான் மச்சான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் இல்லை. என் கடையின் பெரிய பேட்டரி உபயத்தில் சயா வீட்டில் விளக்கு எரிந்தது. திரையில் அந்த ஊர் மண்டபம் தெரிந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட நகரத் தலைவர் மேடையில் நின்றார். முன் வரிசையில் சயாவின் அம்மா. முதலில் கனடாவைக் காட்டினார்கள். தெரு நிறைய ஆட்கள், குழல் வாத்தியம், குதிரைகூட இருந்தது. அடுத்தது ரங்கூன்.

சயா தன் அப்பாவின் அசல் கில்ட்டில் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் நாங்கள், அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு காலை முன்னால் வைத்து நின்றோம். ஜனம் கைதட்டியது. அப்போது அந்த அம்மாள் மைக்கை வாங்கி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அது ஆங்கிலமா என்று சயாவைப் பார்த்தேன்.

“என்னை உங்களுக்கு எத்தனை நாளா பழக்கம்னு கேக்கறாங்க,” என்றார்.

யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. எனக்கு மூளையும் கையும் ஒரே லைனில் இருக்கின்றன போலிருக்கிறது. நாடா அவிழ்ந்தது, கைலி இரண்டு பக்கமும் விரிந்தது, ஊக்குகள் பட்பட்டென்று தெறித்தன. ஒரு உதறு உதறிக் கட்டி நிமிர்ந்தபோது என் கில்ட் கணுக்கால் வரை இறங்கிச் சுத்தமான கைலியாகியிருந்தது. உள்ளே அரைக்கால்சட்டை போடச் சொன்ன மனைவிக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒருவன் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவனும் விடுவானே, அந்த மாதிரி மச்சான் அவிழ்த்தான். அடுத்து கிறிஸ்தவ நண்பர், டீக்கடை நண்பர்கள். வரிசையாக ஐந்து கில்ட்டும் கைலியாகிவிட்டன.

மண்டபமே எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு நகரத் தலைவர் பலமாகக் கைதட்டி, அருமையான நடனம், இன்னொரு முறை ஆட முடியுமா என்று கேட்டாராம். சயா மொழிபெயர்த்ததும் ஐந்து பேரும் இடுப்பில் கையை வைத்தோம். வேண்டுமென்று செய்யப் போனால் எந்தப் பக்கத்தை முதலில் அவிழ்ப்பது என்றே தெரியவில்லை.

அந்த அம்மாள் எங்களைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி என்னவோ சொன்னார். திரும்பிப் பார்த்தேன். சயாவின் இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. அசல் கில்ட்டில் வாரும் கொக்கியுந்தான். இல்லாத முடிச்சை அவர் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன.

“இவனுக்கு இதை யார் பழக்கினதுன்னு கேக்கறாங்க,” என்றார் சயா.

என் ஓட்டை ஆங்கிலத்தில் நானே பதில் சொன்னேன். வந்த புதிதில் மாடிப்படியில் இவர் கைலி அவிழ்ந்து விழுந்தது, என் மனைவி அலறிவிட்டாள், அன்றைக்கு நான்தான் கட்டிவிட்டேன், அப்புறம் ஒரு வாரம் தினமும் காலையில் கட்டிவிட்டேன் என்று.

அந்த அம்மாள் சிரித்தார். பிறகு மைக்கை மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி அதை எடுத்தபோது மகனிடம் மட்டும் பேசினார். நிறுத்தி நிறுத்திப் பேசியதால் எனக்கே புரிந்தது.

“அப்ப உன் குளிர்கோட்டை உன் சித்தப்பா பையனுக்குக் கொடுத்துடறேன். நீ வருவேன்னு வருஷா வருஷம் வெயில்ல போட்டு எடுத்து வச்சிட்டிருக்கேன்.”

“கொடுத்துடும்மா,” என்றார் சயா.

கம்பளிக் கோட்டு நல்ல நிலையில் இருந்தால் எனக்கு அனுப்பலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என் காலை மிதித்தான்.