மயிலம்மாள் கேட்ட மங்களம்

என் அண்ணன் அழகிரியின் மனைவி மயிலம்மாள், மருங்காபுரிப் பக்கத்துப் புஞ்சைக் காட்டில் பாடுபட்டவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் பாட்டு என்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவாள்.

பாட்டு அவளுக்குக் கிடைத்தது பஞ்சாயத்து ரேடியோவில்தான். ஊரில் அப்போது கரண்டு வரவில்லை. அது பாட்டரியில் பாடும் பெட்டி. அதைப் போடவும் நிறுத்தவும் காத்தான் என்பவரை வைத்திருந்தார்கள். விவசாயிகளுக்கான நிகழ்ச்சி முடிந்து சில நாள் கச்சேரி வரும். பாடகர் பாடிக்கொண்டே வந்து, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் காத்தான் குமிழைத் திருகி அணைத்துவிடுவார்.

"இனிமே வெறும் கொட்டுதான். பாட்டரி தீந்தா யாரு வாங்கித் தர்றது?"

"அப்புறம் என்ன பாடுவாங்க தம்பி?" என்பாள் மயிலம்மாள்.

"அப்புறமா? இதென்ன கூத்தா, கடைசியில ராசாவுக்கும் ராணிக்கும் கல்யாணம் ஆவுறதுக்கு? எந்திரிங்கக்கா, வீட்டுல உல கொதிக்கும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். "சாமி பேரச் சொல்லிப் பாடுறவங்க பாதியில எந்திரிச்சா போவாங்க? தீபாராதனை பாக்காமக் கோயில விட்டு வந்தாப்புல இருக்கு ரெங்கம்மா" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

என்னை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் வீடு. ஒரு பங்குனியில் ராமநவமிக்குக் கடைக்காரர்கள் சேர்ந்து கோயில் கடைத்தெருவில் கீற்றுப் பந்தல் போட்டு, சனியும் ஞாயிறும் கச்சேரி வைத்தார்கள். டிக்கெட் கிடையாது, யாரும் வந்து உட்காரலாம். சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானமே அண்ணனும் அண்ணியும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். முழுக் கச்சேரியும் கேட்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வரும்போதே அவள் தீர்மானம் செய்திருந்தாள்.

பந்தலில் ஆற்று மணல் பரப்பி, நடுவில் கயிறு கட்டியிருந்தது. ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். ரேடியோவில் கேட்ட குரலுக்கு இப்போது முகமும் கையும் இருந்தன. அண்ணி அந்தக் கையைப் பார்த்தபடியே தொடையில் தாளம் போட்டாள். மிருதங்கம் தனியாக முழங்கி ஓய்ந்தது. பாட்டின் அடியைப் பாகவதர் எடுத்து நிறுத்தினார். ஒரே கைதட்டல். பாதிக் கூட்டம் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டியது.

"பாத்தியா மயிலு, கொட்டோட முடிஞ்சிருச்சு. காத்தான் சொன்னது நெசந்தான்" என்றார் அண்ணன்.

கச்சேரி எதில் முடியும் என்று எனக்கும் தெரியாது. நானும் ஒவ்வொரு முறையும் அடுப்பை நினைத்துப் பாதியில் எழுந்து வந்தவள்தான். மூவரும் கிளம்பினோம். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி வந்திருப்போம், பின்னாலிருந்து குழாய் ஒலிபெருக்கியில் அதே குரல் மறுபடி பாடியது.

அண்ணி நின்றாள். "ரெங்கம்மா, அவரு இன்னும் முடிக்கல!"

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னால் நாங்கள் ஓடினோம். பந்தல் வாசலை எட்டும்போது பாட்டு நின்றுவிட்டது. தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ராத்திரி சாப்பிடும்போது அண்ணி, "நாளைக்கு அவரு எந்திரிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

அண்ணன் கை சோற்றிலேயே நின்றது. "திங்கக்கெழம கெணத்து மொற நம்மளது. மறந்துட்டியா?"

அவர்கள் கிணறு பங்காளிகளுக்குப் பொது. முறை வைத்துத்தான் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார்கள். அந்தப் பங்குனி வெயிலில் ஒரு முறை தவறினால் கத்தரி கருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸுக்குப் போனால்தான் விடியலில் மாடு கட்ட முடியும்.

மறுநாள் அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கயிற்றோரம் உட்கார்ந்தாள். அன்றும் மிருதங்கம் முழங்கி ஓய்ந்தது, அன்றும் பாதிக் கூட்டம் எழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

"நீங்க போங்க. நான் விடியக்காலம் மொத பஸ்ஸுக்கு வரேன்."

"தனியாவா? சரி, நான் மாட்ட ஓட்டுனா மடைய யாரு திருப்புறது?"

"பக்கத்துக் காட்டுப் பவுனம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவ திருப்புவா. பதிலுக்கு அவ காட்டுல நான் களை எடுக்கணும்."

"அப்ப ஊருலேயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் பஸ்ஸுக்கு நடந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் தனியாகப் பஸ் ஏறியதே இல்லை.

பக்கத்தில் இருந்த ஒரு மாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டிம்மா, ஆம்படையானை அனுப்பிச்சுட்டு எதுக்காக இப்படி உக்காந்துண்டிருக்கே? செத்த எழுந்து காப்பி சாப்ட்டுட்டு வரப்படாதோ?"

"போனா கடைசி போயிரும்மா. நேத்தே போயிருச்சு."

"மங்களத்துக்கா இத்தனை தவம்? மங்களம்னாலே எல்லாரும் செருப்பைத் தேடுவா!" என்று சிரித்தாள் மாமி. அப்புறம் என்ன நினைத்தாளோ, எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னே இன்னும் நாலஞ்சு உருப்படி இருக்கு, கேளு. மங்களம் வந்தா நான் சொல்றேன்."

சின்னச் சின்னப் பாட்டுகளாக வந்தன. தெலுங்கில் இரண்டு, தமிழில் இரண்டு. கடைசியில் மாமி அண்ணியின் முழங்கையைத் தொட்டாள். அண்ணி கைகூப்பினாள். இவ்வளவு நேரம் பாடிய பாகவதரும் கண்மூடி, தம்பூராக்காரர், பிடில்காரர் எல்லாரும் கூடச் சேர, ராமனுக்கு மங்களம் சொல்லி நிறுத்தினார். இரண்டு தரம் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது.

"இதுக்குத்தானா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"தீபாராதனை காட்டுறதும் இத்தனை நேரந்தானே ரெங்கம்மா" என்றாள். வீடு வரும் வழியெல்லாம் அதை மெல்ல முனகிக்கொண்டே வந்தாள், தவறிப்போன இடத்தில் திரும்ப முதலிலிருந்து.

விடியற்காலம் நானே பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லையாம். கச்சேரிக்குக் கட்டிய சேலையோடு காட்டுக்குப் போய், பவுனம்மாள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மடையில் இறங்கினாளாம். கத்தரிக்கு ஒரு பாத்தி விடாமல் தண்ணீர் பாய்ந்ததாம். "அப்படி என்னதான் பாடுனாரு?" என்று கவலை மாட்டுக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்த, அவள் மடை ஓரம் நின்று பாடிக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது பஞ்சாயத்து ரேடியோவில் கச்சேரி. மிருதங்கம் தொடங்கியதும் காத்தான் வழக்கம்போல் அணைத்தார். ஆனால் ஒருவர்கூட எழவில்லை.

"ம், அக்கா, முடிச்சு வைங்க. மாடு கத்துது" என்றார் காத்தான்.

மயிலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகூப்பி, மங்களம் பாடினாள். சுருதி அங்கே இங்கே போயிருக்கும். அதன் பிறகுதான் சனங்கள் எழுந்து மண்ணைத் தட்டினார்கள்.