பிராகோ அக்காவின் மூடிய சட்டி

பிராகோவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து குழம்பு போதவில்லை என்று யாராவது சொன்னால், அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்ப்பாள்.

“சாப்பிடக் கேக்குறியா, குளிக்கக் கேக்குறியா?”

கேட்டவன் சிரித்துவிட்டால் இன்னும் அரை அகப்பை விழும். முறைத்தால் விழாது. சுஹும் பஸ் நிலையத்தில் சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் இந்தச் சட்டம் தெரியும். அக்ராவிலிருந்து குமாசிக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் நேரத்துக்குள் விழுங்கிவிட்டு ஓடுகிறவர்கள்தான் சில சமயம் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

என் பங்சர் கடை அவள் கடைக்கு நேர் எதிரில். டயரைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடும்போதெல்லாம் ஒரு காது அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்தப் பொழுதுபோக்குக்கு அவள் என்னிடம் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

பிராகோ பிறந்தது மலையடிவாரத்தில் கோகோத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஊர். கட்டிக்கொண்டவன் லாரி டிரைவர். எல்லைக்கு அந்தப் பக்கம் லோமேயில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த நாளில் அவள் அழவில்லை, கத்தவில்லை. அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டாள். அவன் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அவன் லாரியிலேயே ஏற்றினாள். “அவ இஸ்திரி போடுவாளோ மாட்டாளோ, அதான் நானே போட்டுட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுவாரம் பஸ் நிலையத்தில் ஒருத்தி கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். அந்தக் கடைக்காரி மகளோடு போய் இருக்கலாம் என்று மூட்டை கட்டியபோது, உரலும் உலக்கையும் பெஞ்சுகளும் பிராகோவின் கைக்கு வந்தன.

கடை திறந்த முதல் நாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் டார்கோ, ஃபுஃபுவில் கட்டி இருக்கிறது என்று சொன்னார். மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்துப் பிசுபிசுவென்று இடித்து உருட்டும் ஃபுஃபுவில் கட்டி இருக்கிறது என்பது, இட்லி கல்லாக இருக்கிறது என்பதைவிடப் பெரிய குற்றச்சாட்டு. அதை மெல்லாமல் வழுக்கி விழுங்க வேண்டும். கட்டி தட்டினால் தொண்டையே காட்டிக்கொடுத்துவிடும். பிராகோ அவர் சட்டியிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.

“ஆமா சார், கட்டி இருக்கு.”

இன்னொரு விள்ளல். பிறகு இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டே இருக்க, ஆட்டுக்கறித் துண்டு வரை தின்று முடித்தாள்.

“நல்லா இல்லாததை நீங்க எதுக்குச் சாப்பிடணும்?” என்றாள். புதிதாக இடித்து, இரண்டு துண்டு கறி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து டார்கோ சார் வேறு கடையில் கை நனைத்ததில்லை.

ஃபுஃபு இடிப்பதற்கு வடக்கிலிருந்து வந்த இசாக்கா இருந்தான். தூண் மாதிரி ஆள், பேச்சு குறைவு. அவன் உலக்கை போட, பிராகோ உரலுக்குள் கைவிட்டு மாவைத் திருப்புவாள். பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் அந்த நேரத்தில்தான் தலையைத் திருப்பிக்கொண்டு யாரையாவது வம்புக்கு இழுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் அராபா வந்து சேர்ந்தாள். கேப் கோஸ்ட் பக்கம், கடற்கரைக்காரி. நிலையத்தின் மறுமூலையில் கென்கி கடை போட்டாள். புளித்த மக்காச்சோள மாவை வாழை இலையில் பொதிந்து அவித்த உருண்டை, பொரித்த மீன், கறுத்த மிளகாய்ச் சம்பல். கென்கி அருமை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் மத்தியானத்தில் பெரிய கூட்டம் பிராகோ கடையில்தான் நின்றது. அராபாவுக்கு அது பொறுக்கவில்லை.

பிராகோவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியான முதல் கூட்டம் கலைந்ததும் பெஞ்சுக்கு அடியிலிருந்து மூடி போட்ட நீலப் பீங்கான் சட்டி ஒன்றை எடுப்பாள். சாமான் அறைக்குள் போவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்து வெளியே வருவாள். அந்தச் சட்டியை யாரையும் தொட விடமாட்டாள்.

ஒரு நாள் அராபா சைக்கிள் டியூபோடு என் கடைக்கு வந்தாள். டியூபில் ஓட்டையே இல்லை. வந்தது வாய்க்கு ஓட்டை போட.

“சாச்சி அண்ணே, உங்களுக்கு எதிர்லயே நடக்குது. நீங்க ஒண்ணுமே கேக்கலையா?”

“என்னத்தைக் கேக்கணும்?”

“அந்தச் சட்டிக்குள்ள என்ன இருக்குன்னு. மனுஷக் கை மட்டும் வெச்ச குழம்புக்கு இவ்வளவு கூட்டம் வருமா? ஏதோ ஒண்ணை உள்ள வெச்சுத் தீனி போட்டு வளக்குறா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

இதையே அவள் முடி பின்னுகிறவளிடமும், பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவர்களிடமும், தேவாலயத்துப் பெண்களிடமும் சொல்லியிருந்தாள். எல்லோரிடமும் கடைசி வரி அதேதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாரம் முடிவதற்குள் சட்டிக்குள் ஆமை இருந்தது. அடுத்த வாரம் பாம்பாகி, காலித் தட்டுகளை நக்கிச் சுத்தம் செய்யவும் தொடங்கிவிட்டது.

பிராகோ காதுக்கு இது வந்தபோது நான் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் போவாள் என்று நினைத்து வேகமாக விழுங்கினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். யாருக்கோ கேடு காலம் என்று அர்த்தம்.

மறுநாள் நீலச் சட்டி பெஞ்சுக்கு அடியில் இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி தனி முக்காலியில் உட்கார்ந்திருந்தது. சாவு வீட்டுக்குக் கட்டும் சிவப்புத் துணியைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டியிருந்தாள். மூடி மேல் ஒரு முட்டை. ஒவ்வொரு தடவை குழம்பு ஊற்றும்போதும் அந்தப் பக்கம் திரும்பி, “பெரியவரே, உத்தரவா?” என்று கேட்பாள். கொஞ்சம் காது கொடுப்பாள். பிறகுதான் ஊற்றுவாள்.

கடை அடியோடு மாறிப்போனது. என் கறி சின்னது, அவன் கறி பெரியது என்ற பேச்சு நின்றது. ஒரு கண்டக்டர் பழக்கதோஷத்தில் குழம்பு குறைவு என்று ஆரம்பித்தான்.

“பெரியவர்கிட்டயே கேட்டுச் சொல்லட்டுமா?” என்றாள் பிராகோ.

“வேண்டாம் அக்கா, இதுவே ஜாஸ்தி.”

தேவாலயத்துப் பெண்கள் சிலர் வருவதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்து ஊர்களிலிருந்து சட்டியைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். சும்மா பார்க்க முடியுமா? சாப்பிட்டார்கள். மூடநம்பிக்கையைப் பற்றி வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்த டார்கோ சார் மட்டும், இதெல்லாம் வெறும் பேத்தல் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, முக்காலிக்கு முதுகு காட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அராபா, தான் மூட்டிய அடுப்பில் அடுத்தவள் சமைப்பதைப் பார்த்தாள். நேராகப் போதகர் ஒஃபோரியிடம் போனாள். பிராகோ அவருடைய தேவாலயத்தில்தான் பாடகர் வரிசையில் நின்று பாடுகிறவள். அவருக்கும் அது கௌரவப் பிரச்சினை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், போதகர் வெள்ளை அங்கியோடு வந்து நின்றார். பின்னால் அராபா. அவள் பின்னால் பாதி பஸ் நிலையம். நான் டயரைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

“சகோதரி பிராகோ, அந்தச் சட்டியைத் திறக்கணும்” என்றார் போதகர்.

“திறக்கலாம் ஐயா. தாராளமா. ஆனா வெறும் வயித்தோட வந்தவங்களைப் பெரியவர் பார்க்க மாட்டார்.”

“நான் உபவாசத்துல இருக்கேன்.”

“அப்படின்னா நாளைக்கு வாங்க.”

போதகர் கூட்டத்தைப் பார்த்தார். அடுப்பில் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. புகையில் வாட்டிய மீனும் நத்தையும் அதில் மிதந்து மிதந்து அமுங்கின. அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“கர்த்தருடைய காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது” என்று சொல்லி உட்கார்ந்தார்.

“அராபா, நீயும் உக்காரு. சாட்சிக்கு வந்தவளும் சாப்பிடணும்.”

“எனக்குப் பசியில்லை.”

“பயமா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அராபா கையைக் கழுவிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். முதல் விள்ளலை விஷம் மாதிரி எடுத்தாள். இரண்டாவதைச் சாதாரணமாக எடுத்தாள். மூன்றாவதுக்குப் பிறகு தலையே நிமிரவில்லை. போதகர் நெற்றி வேர்வையை அங்கிக் கையில் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் குழம்பு மட்டும்” என்றார். பிராகோ அவரிடம் குளிப்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அராபா தான் சாப்பிட்ட காலிச் சட்டியை முன்னால் தள்ளினாள். அவளுக்கும் பிராகோ ஊற்றினாள்.

விரல்களைச் சூப்பி முடித்து, கை கழுவி, போதகர் எழுந்தார். வேதப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். முன்வரிசை பின்வரிசையானது. பிராகோ முட்டையை எடுத்து இடுப்பில் சொருகினாள், சிவப்புத் துணியை அவிழ்த்தாள், மூடியைத் தூக்கினாள்.

உள்ளே வாழை இலைப் பொதி ஒன்றும், பொரித்த மீன் ஒன்றும், இலைக் கீற்றில் கொஞ்சம் கறுத்த சம்பலும் இருந்தன.

அராபாதான் எட்டிப் பார்த்து, பொதியைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

“இது என் மடிப்பு” என்றாள் மெதுவாக. “என் கென்கி.”

“உன்னோடதுதான். வேற யாரு இப்படிப் புளிக்க வைக்கிறா?”

“நீயா வாங்குறே?”

பிராகோ இசாக்காவைப் பார்த்தாள். அவன் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். “தினமும் நான் வாங்க வரும்போது கேப்பீங்களே அராபா அக்கா, ஃபுஃபு கடையில வேலை செய்றவனுக்குக் கென்கி மேல அப்படி என்ன ஆசைன்னு. எனக்குக் கென்கியே பிடிக்காது.”

“விடியறதுக்கு முன்னாடியிருந்து இந்தக் குழம்பு வாசத்துலயே நிக்கிறேன்” என்றாள் பிராகோ. “மத்தியானம் அதையே எப்படித் திங்கிறது? நீ கடை போட்ட நாள்லேருந்து இதுதான் எனக்குச் சாப்பாடு.”

“அதை எதுக்குக் கதவைச் சாத்திக்கிட்டுத் திங்கணும்?”

“உனக்குத் தெரிஞ்சா மறுநாளே போர்டுல எழுதிடுவே.”

அராபா கொஞ்சம் யோசித்தாள். அவள் நேர்மையான பொம்பளை, அந்தவரைக்கும். “எழுதியிருப்பேன்தான்” என்றாள்.

அப்போது ஆரம்பித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டார்கோ சார், தான் ஆரம்பத்திலிருந்தே சொன்னதாக ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். போதகர் மட்டும் கையில் வேதத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கடைசியில், வந்த காரியத்தை முடிக்காமல் போகக் கூடாது என்று, அந்தக் கென்கியை நீண்ட ஜெபத்தோடு ஆசீர்வதித்தார். பிராகோவும் தலை குனிந்து ஆமென் சொன்னாள்.

அராபா வீட்டுக்குப் போய் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவமானத்திலா, சந்தோஷத்திலா என்று முடி பின்னுகிறவளுக்கும் தெரியவில்லை. ஆனால் மறுநாளே அவள் கடையில் புதுப் போர்டு தொங்கியது: ‘பிராகோவே சாப்பிடும் கென்கி.’ சாயங்காலத்துக்குள் பிராகோ தன் போர்டை மாட்டினாள்: ‘போதகரும் அராபாவும் மறுபடி கேட்டு வாங்கிய குழம்பு.’ போதகர் ஆள் அனுப்பிக் கெஞ்சினார். அவளும் மனமிரங்கி ‘போதகரும்’ என்ற சொல்லின் மேல் பெயின்ட் அடித்தாள். பெயின்டை ரொம்பத் தண்ணீர் விட்டுக் கலக்கியிருந்தாள். இன்றைக்கும் நிறுத்தி நிதானமாகப் படிக்கலாம்.

நிலையத்தில் கென்கிக்கே பெயர் மாறிவிட்டது. “அராபா, ரெண்டு பெரியவர் குடு, மீனோட” என்பார்கள். முதலில் அகப்பையைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். பிறகு, “சின்னப் பெரியவரா, பெரிய பெரியவரா?” என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். போதகர் அந்த மாதம் பொய்ச்சாட்சி சொல்வதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தே பேசினார்.

இரண்டு பேரும் தோழிகளாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மீன் முள்ளைக் கொட்டும் இடத்துக்கும் தண்ணீர் பிடிக்கும் முறைக்கும் இன்றுவரை சண்டைதான். ஆனால் பிராகோ இப்போது வாசலில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கக் கென்கி சாப்பிடுகிறாள். உப்பு கூடினால் நிலையத்தின் இந்த மூலையிலிருந்தே கத்துவாள். அராபாவும் ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து நேராக ஃபுஃபுவுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

போன வருஷம் குமாசியில் ஒரு சாவுக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். காரியம் முடிந்து பசியோடு ஒரு கடைக்குள் நுழைந்தோம். நிலக்கடலைக் குழம்பு வந்தது. பிராகோ ஒரு விள்ளல் விழுங்கிவிட்டு அராபாவைப் பார்த்தாள். அராபாவும் ஒரு விள்ளல் விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தாள்.

“கடலையைக் கருக விட்டுட்டா” என்றாள் பிராகோ.

“இஞ்சி எங்கே?” என்றாள் அராபா.

“ஃபுஃபுவை இடிச்சாளா, மிதிச்சாளா?”

“கூப்பிடு அவளை.”

கடைக்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் ஒரே கருத்தோடு இருந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். எனக்கு அந்தக் குழம்பு பிடித்திருந்தது. ஆனால் அதை அந்த மேஜையில் சொல்வதற்கு எனக்கென்ன பைத்தியமா?