லோ வோல்டேஜில் ஒரு கல்லீரல்

மாதப்பனின் கண் மஞ்சளான அன்று காலையிலேயே, அவரை ஊருக்குத் தூக்கிப்போக வாசலில் டெம்போ வந்து நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் கன்னடம் பேசும் ஊர் ஒன்றில், மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஐசியூ டெக்னீஷியனாக இருந்தேன். எட்டாவது தாண்டாதவன், தரை துடைக்க வந்தவன். அப்படிப்பட்டவன் கைக்கு மானிட்டரும் டிரிப்பும் வந்தது சும்மா இல்லை. நான் நரம்பு தேடினால் நரம்பே எழுந்து நிற்கும் என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

மாதப்பன் ஹனூர்ப் பக்கத்து விவசாயி. டிராக்டர் கவிழ்ந்து தொடை நசுங்கி, கொள்ளேகால் வழியாக எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. பிபி கைக்கே அகப்படவில்லை. ஆபரேஷன் செய்து, ரத்தம் ஏற்றி, டோபமின் டிரிப்பில் பிபியைத் தூக்கி நிறுத்தினோம். எகிறிக் கிடந்த லிவர் டெஸ்ட் இறங்கி, கல்லீரல் தேற ஆரம்பித்த பிறகுதான் கண் மஞ்சளானது. ஆனால் அவர் மனைவி சிவகாமிக்குத் தெரிந்தது மஞ்சள் மட்டும்தான்.

"காமாலைங்க இது. இங்கிலீசு மருந்துக்குக் கேக்காதுங்க. எங்கூருப் பக்கம் பச்சிலை குடுக்கறவரு இருக்காரு. உப்பில்லாப் பத்தியத்துல எறங்கீரும்," என்றார். அவருடைய அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கத் தயாராக நின்றார்.

எங்கள் டாக்டரம்மா கன்னடக்காரர். பேசிப் பார்த்துத் தோற்றுப்போய் என்னிடம் வந்தார். "ஆறுமுகம், நீவே ஹேளி. நீங்களே சொல்லுங்க. நான் தமிழ் பேசினா அவங்க இன்னும் பயப்படறாங்க. டிரிப்பைக் கழட்டி வண்டில ஏத்தினா இவர் ஊர் போய்ச் சேர மாட்டார்."

"விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்," என்றேன்.

சிவகாமியிடம் கேட்டேன். "வயலுக்கு எங்கிருந்தும்மா தண்ணி?"

"ஏரி வாய்க்கா ஒண்ணு, கெணத்து மோட்டார் ஒண்ணு. ஏனுங்க, வெவசாயம் பாக்க வர்றீங்களா?"

"கல்லீரலுக்கும் அதே ரெண்டுதான். குடல்லேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்தான் வாய்க்கா. ரத்தம் போச்சுன்னா உடம்பு என்ன செய்யும்? மூளையையும் இதயத்தையும் காப்பாத்தக் குடலுக்குப் போறதைக் குறைச்சிரும். அப்ப வாய்க்கா வத்திரும். உடனே இன்னொரு குழாய், கிணத்துக் குழாய், தானா விரிஞ்சு கூடத் தண்ணி விடும்."

"யாரு போயித் தொறந்து விடறாங்களாம்?" என்றார் அண்ணன் நக்கலாக.

அதையும் நான் டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். "கல்லீரல்ல ஒரு சரக்கு ஊறிக்கிட்டே இருக்கும். வாய்க்கா ஓட்டம் அதை அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஓட்டம் குறைஞ்சா அது அங்கயே தேங்கி, பக்கத்துல இருக்கற கிணத்துக் குழாயை விரிச்சு விடும்."

வேலை முடிந்தது என்று நான் எழுந்தபோது சிவகாமி ஒரே கேள்வியில் உட்கார வைத்தார். "கெணறு பாய்ஞ்சுதுன்னா பயிரு ஏனுங்க வாடுச்சு?"

இதை நான் டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. சிவகாமி மானிட்டரைப் பார்த்தார், டிரிப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வோல்டேஜ் இல்லீங்களா? எங்கூர்ல லோ வோல்டேஜ்ல மோட்டாரு உறுமும், தண்ணி ஏறாது."

"அதேதாம்மா! பிபிதான் வோல்டேஜ். குழாய் எவ்வளவு விரிஞ்சு என்ன, தள்ளி விட பிபி இல்லையே!"

"அப்ப இந்தப் பாட்டிலு?"

"இப்போதைக்கு அதுதான் வோல்டேஜைப் பிடிச்சு வெச்சிருக்கு."

"கண்ணு மஞ்சளு?"

"தண்ணி பாய்ச்சின மறுநாளே வாடின இலை பச்சையாகுமா?"

சிவகாமி அண்ணனிடம் திரும்பினார். "வண்டிய அனுப்பீருங்ணா. கரண்டைப் புடுங்கீட்டுப் பயிரைக் காப்பாத்த முடியாது."

அதற்குப் பிறகு மானிட்டர் பக்கம் நான் போகும்போதெல்லாம், "வோல்டேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்பார். டிரிப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்திய அன்றும் பிபி இறங்கவில்லை. மஞ்சள் மெல்ல வெளுத்தது. மாதப்பன் ஊன்றுகோல் ஊன்றி, அதே டெம்போவில் ஊருக்குப் போனார்.

இன்று ஐசியூவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியைக் கூட்டிப்போகிறேன் என்று வருகிறவரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். மாதப்பனுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன். டாக்டரம்மாவும் கன்னடத்தில் இதையேதான் சொல்வார். வாய்க்கால் நான் வெட்டியது. வோல்டேஜ் சிவகாமி கொடுத்தது.