ஒரு லட்சத்து மூன்று பனியன்

அறுபதுகளின் நடுவில், முழுப்பரீட்சை விடுமுறைக்குத் திருப்பூரில் மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டுப் போடும் பகுதிக்கு மேஸ்திரி. அவருடைய தங்கை, என் சித்தி, எட்டாவது தேறிவிட்டு வீட்டில் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது சேர வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை கேட்பாள். மாமன் சாப்பிட உட்காரும்போது கேட்பாள் என்பதால் நேரம் தவறாது.

ஒரு நாள் மாமன் சலித்துப்போய் ஒரு கணக்குப் போட்டார்.

"ஒரு லட்சத்து மூணு பனியன் இருக்குது. உதிரி இல்லாம சமமாக் கட்டோணும். கட்டுக்கு எத்தனைன்னு சொல்லீட்டுப் பள்ளிக்கூடம் போ. ஒண்ணொண்ணாக் கட்டறதும் ஆகாது, எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டறதும் ஆகாது."

வாயில் வந்த எண் அது. டஜனுக்கு வராதது பத்துக்கு வரும், பத்துக்கு வராதது வேறொன்றுக்கு வரும். கட்டில் அடங்காத எண் உலகத்தில் இல்லை என்பது கட்டுப் போடுகிறவரின் நம்பிக்கை.

சித்தி பனியன் பெட்டி அட்டைகளில் வகுக்கத் தொடங்கினாள். பெருக்கிச் சரிபார்ப்பது என் வேலை. ஏழில் ஒரு பனியன் மிஞ்சியது. இருபத்து மூன்றில் ஒன்று குறைந்தது. இரண்டு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு, ஆறு, எட்டு ஆகியவற்றை அவள் தொடவேயில்லை.

"ரெண்டுக்கே வராதது நாலுக்கு எப்பிடி கண்ணு வரும்? மூணுக்கு வராதது ஒம்பதுக்கும் அப்பிடித்தான்," என்றாள்.

மூன்று நாளில் அறுபத்தைந்து வகுத்தல். ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. டஜன் டஜனாக எல்லாவற்றையும் அடுக்கும் அந்தத் தெருவில், எதற்கும் பங்கு போகாத ஒன்று எங்கள் அட்டைமேல் இருந்தது. அதன்மேல் விரல் வைக்கவே தயக்கமாக இருந்தது.

முந்நூற்றுப் பதிமூன்றால் வகுத்து முடித்ததும் சித்தி பென்சிலைக் கீழே வைத்தாள். சாயங்காலம் மாமன் வந்தார்.

"இது எந்தக் கட்டுக்கும் வராதுங்ணா. முழுக்கப் பாத்துட்டேன்."

"வராத கணக்கும் இருக்குதா? ஏங்கண்ணு, நீதான் கூடவே இருந்தியே, முழுக்கவா பாத்தா?"

"இல்லீங்க மாமா. முந்நூத்திப் பதிமூணோட நிறுத்திட்டாங்க," என்றேன். கேட்டதற்குத் துல்லியமாகப் பதில் சொன்னதில் எனக்குப் பெருமை.

"அப்ப மிச்சத்தை ஆரு பாக்கறது?"

சித்தி, அடுத்து வகுக்க வேண்டியிருந்த முந்நூற்றுப் பதினேழை முந்நூற்றுப் பதினேழால் பெருக்கிக் காட்டினாள். விடை ஒரு லட்சத்து மூன்றைத் தாண்டிப் போனது.

"நான் கேட்டது வகுத்தல் புள்ள," என்றுவிட்டு மாமன் கை கழுவப் போனார். மறுநாள் பிசிறு வெட்டப் புது மூட்டை வந்து இறங்கியது.

கட்டுக்கு முந்நூற்றுப் பதினாறுக்கு மேல் வைத்தால், கட்டுகளின் எண்ணிக்கை முந்நூற்றுப் பதினேழுக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணிக்கையும் ஒரு லட்சத்து மூன்றை மீதியில்லாமல் வகுத்தாக வேண்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் முன்பே அகப்பட்டிருக்கும். மிச்சமிருந்த தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் எண்களையும் சித்தி அந்த அறுபத்தைந்து வகுத்தலிலேயே பார்த்து முடித்திருந்தாள் என்பது, ஜூன் மாதம் ஊர் திரும்பி நான் பள்ளிக்கூடம் போனபோது, எனக்குத் தெரியாது.